செ. முன்கதவின் ஞானஸ்நானம்

நான் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஆள் ஒரு கதவு. கோயம்புத்தூருக்கு மேற்கே செம்மேட்டுக் காலனி, ஆறாவது வீதி, பதினேழாம் எண் வீட்டின் முன்கதவு. வேப்பமரம். வயது இருபத்தாறு.

எனக்கு அப்போது இருபது. சட்டைப் பையின் மேல் குத்தியிருந்த கறுப்பு அட்டையில் 'எல்டர் தேவசித்தம்' என்று இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். மீசை ஒழுங்காக வளராதவர்களைத்தான் எங்கள் சபை மூப்பர் என்று பெயர் கொடுத்து அனுப்பும். சபையின் முழுப் பெயர் நீளமானது. சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் உள்ளே போய்விடுவார். அதனால் யாராவது 'மார்மன் சபையா?' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவோம். இரண்டு வருட ஊழியம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. காலை ஆறரைக்கு எழ வேண்டும். திங்கட்கிழமை துணி துவைத்து, அம்மாவுக்குப் போன் செய்யலாம். துணைவரை விட்டு எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் எப்போதும் தெரிய வேண்டும்.

என் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருந்தவர் எல்டர் தல்லூரி. ராஜமந்திரிக்காரர். தமிழ் கற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் மண்ணெண்ணெய் என்றுதான் வரும். 'உங்களுக்கு மண்ணெண்ணெய் வேண்டுமா? எல்லாருக்கும் உண்டு' என்று மூன்றாவது வீதியில் ஒரு பெண்மணியிடம் கேட்டார். அவர் உள்ளே போய் ஐந்து லிட்டர் கேனை எடுத்துவந்து நீட்டினார். அதே வாரம் நான் எங்கள் சட்டைகளைச் சிவப்புத் துண்டோடு சேர்த்து ஊறவைத்தேன். பத்து நாள் இளஞ்சிவப்புச் சட்டையில் ஊழியம் செய்தோம். என் டை ஒருமுறை சைக்கிள் சங்கிலியில் சிக்கி, இரண்டு வீதி தூரம் குனிந்தபடியே ஓட்டிப்போனேன்.

செம்மேட்டுக் காலனியில் கதவுகள்தான் முதலில் பேசும். பெல்லை அழுத்தினால் 'யாருங்க?' என்று கேட்கும். நாங்கள் வந்த விஷயத்தைச் சொல்வோம். முழுவதும் கேட்டுவிட்டு, 'அப்புறம் வாங்க' என்று சொல்லும். காலனியில் நானூறு கதவுகள் இருந்தன. பன்னிரண்டாம் எண் வீட்டுக் கதவு மட்டும் எதுவும் சொல்லாது. அது தகரம். நான் ஊழியத்துக்கு வந்து பதிமூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவர்கூட அந்த அப்புறத்துக்கு முன்னால் பாடம் கேட்டதில்லை.

பதினேழாம் எண் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். என் இடது காலில் ஷூ இல்லை. மூன்றாவது வீதி நாய் அதைக் கொண்டுபோயிருந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகத் தயாரானேன்.

"அப்புறம் எதுக்குங்க? இப்பவே சொல்லுங்க" என்றது கதவு.

முதல் பாடம் வாசலிலேயே நடந்தது. வீட்டில் ஆண் இல்லாத நேரத்தில் நாங்கள் உள்ளே போகக் கூடாது என்பது விதி. கதவுக்குப் பாடம் சொல்ல உள்ளே போக வேண்டியதில்லை என்பதால் அது வசதியாக இருந்தது. ஜெபம் செய்யத் தெரியுமா என்று எல்டர் தல்லூரி கேட்டார்.

"கை கூப்பத் தெரியாதுங்க. ரெட்டைக் கதவா இருந்தா கூப்பலாம். நான் ஒத்தைக் கதவு."

எங்கள் சபையில் கைகளைக் கட்டிக்கொண்டுதான் ஜெபம் செய்வோம், ஆகவே நன்றாகச் சாத்திக்கொண்டால் போதும் என்று நான் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஜெபித்தது. நாங்கள் வெளியே காத்திருந்தோம்.

அடுத்த ஐந்து வாரமும் செவ்வாய், வெள்ளி போனோம். கதவு கவனமாகக் கேட்டது. புரியாத இடத்தில் லேசாகத் திறந்து, புரிந்ததும் சாத்திக்கொள்ளும். காபி, டீ ஆகாது என்ற பாடத்தன்று அது பாதி திறந்து நின்றது. பிறகு, "காலைல காபி வாசம் வர்றப்ப ஒரு அங்குலம் தொறந்துக்குவனுங்க. இத்தன வருசப் பழக்கம். விட்டுடறேன்" என்றது. விட்டும்விட்டது. முதல் மூன்று நாள் தலைவலி இருந்ததாகச் சொன்னது.

திங்கட்கிழமை அம்மாவிடம் போனில் சொன்னேன், "அம்மா, ஒருத்தர் பாடம் கேக்கறாங்க. ஒரு கதவு."

"என்ன மரம்?"

"வேம்பு."

"நல்ல மரம்தான். பூச்சி அரிக்காது. நீ நேரத்துக்குச் சாப்பிடறியா?"

ஞானஸ்நானத்துக்கு முன்னால் இரண்டு ஞாயிறாவது ஆராதனைக்கு வர வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் சென்னிமலை, மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். விரல் நுனிகளில் வார்னிஷ் காய்ந்திருக்கும். அவர் வீட்டில் இருந்த மாலையில் உள்ளே போய் உட்கார்ந்தோம்.

"அதுக்கு இஷ்டம்னா நாம தடுக்கறது நாயமில்லீங்க தம்பி. ஞாயித்துக்கெழம கடை லீவுதான். அது வர்ற வரைக்கும் நான் நின்னுக்கறேன்" என்றார் சென்னிமலை.

அவர் மனைவி ரங்கநாயகி அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே, "எங்க வேணாலும் போகட்டும். ஆறு வருசத்துக்கு முந்தியே போயிருக்கலாம்" என்றார்.

அந்த ஞாயிறு குட்டியானை வண்டி வைத்துக் கதவைச் சபைக்குக் கூட்டிப்போனோம். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் வாடகைக்கு எடுத்த கூடம் அது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. பாட்டுப் பாடும்போது கீல் அதிரும்படி சேர்ந்து பாடியது. இரண்டு குழந்தைகள் அதைத் தட்டிப் பார்த்தார்கள். 'யாருங்க?' என்று கேட்டது. அவர்கள் பெயரைச் சொன்னார்கள். 'உள்ள இருக்கறவங்க கிட்ட சொல்றேன்' என்றது.

அந்த மூன்று மணி நேரமும் சென்னிமலை தன் வீட்டு நிலைக்குள் கைகட்டி நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அவர் தோளில் இரண்டு முறை தட்டினார்கள். அவர் ஒருக்களித்து வழிவிட்டார். காற்று அடித்தபோது மட்டும் கொஞ்சம் ஆடியதாகச் சொன்னார்.

இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு படிவத்தை நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் கதவு தயங்கியது. வீட்டில் எல்லாரும் முன்கதவு என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றது. தகப்பனார் பெயருக்குச் சென்னிமலையின் பெயரைச் சொன்னது. மரக்கடையிலிருந்து வாங்கிவந்து இழைத்து எடுத்தவர் அவர்தான். 'செ. முன்கதவு' என்று எழுதினேன். திருமணம் ஆனவரா என்ற கேள்வியில் கொஞ்சம் சிக்கல் வந்தது. நிலையோடு இருபத்தாறு வருடமாகச் சேர்ந்து இருப்பதாகக் கதவு ஒளிக்காமல் சொன்னது. முறைப்படி மணமாகாமல் சேர்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நானும் எல்டர் தல்லூரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சென்னிமலைதான் உதவினார். நிலை வைத்த அன்று மஞ்சள் பூசி, பூச்சூட்டி, நல்ல நேரத்தில் நாற்பது பேருக்குச் சாப்பாடு போட்டதாகச் சொன்னார். போட்டோவும் இருந்தது. திருமணம் ஆனவர் என்று எழுதிக்கொண்டேன்.

கடைசிப் பாடம் மனந்திரும்புதல். அதற்காக நாங்கள் போன வெள்ளிக்கிழமையன்று ரங்கநாயகி அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தார். கதவு தணிந்த குரலில் பேசியது.

"எம்மேல ரெண்டு குத்தம் இருக்குதுங்க. ஒண்ணு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்தது இது. ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டுப் பெண் மைதிலி, விடியற்காலையில் ஒரு பையோடு வெளியேறிப்போய்த் தான் விரும்பிய பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எப்போதும் கிரீச்சிடும் கதவு அன்று கிரீச்சிடவில்லை. மைதிலியைக் கதவு அம்மிணி என்றுதான் கூப்பிடும். அம்மிணி கேட்டுக்கொண்டதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்ததாகச் சொன்னது. அன்றிலிருந்து ரங்கநாயகி அம்மா கதவோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அறைந்து சாத்துவார். 'எங்கிட்ட கேக்காம யாருக்கும் தொறக்கப்படாது' என்பதுதான் அவர் அதனிடம் கடைசியாகச் சொன்னது.

"ரெண்டாவது யாருக்கும் தெரியாதுங்க. அம்மிணி திரும்ப வந்துச்சு. ஒருக்கா ரெண்டுக்கா இல்ல, பதினோரு தடவ. மத்தியானத்துல, வீதில ஆளில்லாதப்ப வரும். பெல் அடிக்காது. எம்மேல கைய வெச்சுட்டு நிக்கும். அம்மா உள்ளதான் இருப்பாங்க. ஒரு கொரல் குடுத்திருக்கலாம். நான் குடுக்கல. வாங்குன திட்டே போதும்னு இருந்துட்டேன்."

எல்டர் தல்லூரி, "இதை அம்மாவுக்குச் சொல்லணும்" என்றார்.

"சொன்னா என்னய வெறகுக் கடைக்குப் போட்டுருவாங்க."

படிவம் என் பையில் நிரப்பித் தயாராக இருந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை ஞானஸ்நானம் என்று நான் மேலிடத்துக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லியாயிற்று. பதிமூன்று மாதத்தில் என் பெயருக்கு நேராக எழுத ஒன்றுமே இருந்ததில்லை.

"ஆண்டவருக்குத் தெரிஞ்சிருந்தா போதும். அம்மாவுக்குச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றேன்.

கதவு நன்றி சொன்னது.

திரும்பி வரும் வழியெல்லாம் எல்டர் தல்லூரி என் பக்கத்தில் வரவில்லை. சைக்கிளைப் பின்னாலேயே ஓட்டிவந்தார். வீட்டுக்கு வந்து நான் உப்புமா கிளறினேன். அடிப்பிடித்துவிட்டது. நல்ல பகுதியை அவர் தட்டில் வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எல்டர், நாம் அதற்குப் பாதி மண்ணெண்ணெய்தான் கொடுக்கிறோம்" என்றார்.

வழக்கமாக நான் அந்தச் சொல்லைத் திருத்துவேன். அன்று திருத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். 

மறுநாள் காலை ஞானஸ்நானத்தைத் தள்ளிவைப்பதாகப் போன் செய்து சொல்லிவிட்டு, ஆறாவது வீதிக்குப் போனோம். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கதவிடம் சொன்னேன். அது ஒருமுறை சாத்திக்கொண்டது. பிறகு தானாகவே அகலத் திறந்து, "அம்மா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டது. ஆறு வருடத்தில் அது அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ரங்கநாயகி அம்மா ஈரக் கையோடு வந்தார். சென்னிமலையும் வந்து நின்றார். கதவு எல்லாவற்றையும் சொன்னது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

ரங்கநாயகி அம்மா நடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எந்தக் கைய வெச்சா?" என்று கேட்டார்.

"வலது கைங்க. தாப்பாளுக்கு ஒரு சாண் மேல."

அவர் எழுந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எளச்சிருந்தாளா?"

"மொத ரெண்டு வருசம் எளப்புங்க. பொறகு பரவால்ல. கடைசியா வந்தப்ப கூட ஒரு கொழந்த இருந்துச்சு. பொம்பளப் புள்ள. அதுவும் கை வெச்சுது. கீழ, உங்க மொழங்கால் ஒசரத்துல."

ரங்கநாயகி அம்மா குனிந்து அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்தார். அப்படியே இருந்தார். பிறகு உள்ளே போய், பாதியில் விட்ட பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார். நாங்கள் கிளம்பினோம். அடுத்த ஒன்பது நாள் அவர் முன்பக்கம் வரவில்லை என்றும், எங்கே போனாலும் பின்வாசல் வழியாகப் போய்வந்தார் என்றும் கதவு சொன்னது. ஆனால் விறகுக் கடைக்காரர் யாரும் வரவில்லை.

பத்தாவது நாள் எங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான இன்னொரு எல்டர் நேர்காணலுக்கு வந்தார். அவருக்கும் இருபது வயதுதான். நேர்காணல் ரகசியமானது, யாரும் கேட்கக் கூடாது. நாங்கள் தெருமுனையில், அவர்கள் இருவரும் கண்ணுக்குத் தெரியும்படி நின்றோம். அவர் கதவில் காதை வைத்து நாற்பது நிமிடம் கேட்டார். திரும்பி வந்தபோது, "தகுதியான ஆள்" என்றார். அவர் காதில் ஒரு சிராய் ஏறியிருந்தது. எல்டர் தல்லூரி அதை ஊக்கால் எடுத்துவிட்டார்.

தண்ணீரில் இறங்குகிறவர் முழுக்க வெள்ளை உடுத்தியிருக்க வேண்டும். சென்னிமலை வெள்ளை பிரைமர் வாங்கிவந்தார். கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல்கள் மேல் படுக்கவைத்து நாங்கள் மூவரும் அடித்துக்கொண்டிருந்தபோது, ரங்கநாயகி அம்மா உள்ளேயிருந்து வந்து, தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே தன் கையை விரித்து வைத்தார்.

"இங்க அடிக்க வேண்டாம். கீழயும் ஒரு எடம் இருக்குது. அங்கயும் வேண்டாம்."

நான் போன் செய்து கேட்டேன். உடுப்பு வெள்ளையாக இருந்தால் போதும், முகம் திறந்திருக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு பெரிய கையளவும் ஒரு சின்னக் கையளவும் மரமாகவே விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்தோம்.

எங்கள் கூடத்தில் தொட்டி இல்லை. சென்னிமலை மோட்டார் கட்டிக்கொடுத்த ஒரு தென்னந்தோப்பில் பம்புசெட் தொட்டி இருந்தது. சனிக்கிழமை காலை அதில் இடுப்பளவு தண்ணீர் நிரப்பிவைத்தார்கள். சபையார் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ரங்கநாயகி அம்மாவும் குட்டியானையில் வந்தார். கதவு பத்திரமாக வீடு திரும்புகிறதா என்று பார்க்கத்தான் வந்ததாக, கேட்காமலே சொன்னார்.

எங்கள் முறையில் ஆள் முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு முடி வெளியே நின்றாலும் மறுபடி செய்ய வேண்டும். அதைப் பார்க்க இரண்டு சாட்சிகள் நிற்பார்கள். ஒரு பக்கம் எல்டர் தல்லூரி, மறு பக்கம் காதில் பிளாஸ்டர் ஒட்டிய எல்டர். நான் வெள்ளை உடையில் இறங்கி, இடது கையால் கைப்பிடியைப் பற்றி, வலது கையை உயர்த்தி, 'செ. முன்கதவு' என்று முழுப் பெயர் சொல்லி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, அமிழ்த்தினேன்.

"மூலை" என்றார் எல்டர் தல்லூரி. மேல் மூலை இரண்டு விரல் அளவு வெளியே இருந்தது.

மறுபடி செய்தேன். மேல் மூலையை அமுக்கியதும் கீழ்ப்பக்கம் எழும்பியது. மூன்றாவது முறை எல்லாம் உள்ளே போய்க் கைப்பிடி மட்டும் நின்றது. வேம்பு மிதக்கிற மரம். கதவு தன்னால் முடிந்த அளவு கனமாக இருக்கப் பார்த்தது. "இன்னொருக்கா பாருங்க, மூச்சை விட்டுடறேன்" என்றது. மூச்சை விட்ட பிறகும் மிதந்தது. சென்னிமலை தோப்பில் கிடந்த பழைய பம்பை மேலே வைக்கலாம் என்றார். மேலே வைக்கும் பொருள் எதுவும் வெள்ளையாக இருக்க வேண்டும். பம்பு பச்சையாக இருந்தது. ஐந்தாவது முறைக்குப் பிறகு தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சாட்சிகள் மாறி மாறித் தலையை ஆட்டினார்கள். கதவு முகம் மேலாக மிதந்துகொண்டிருந்தது.

ரங்கநாயகி அம்மா சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்.

"நகருங்க தம்பி. ஆறு வருசமா இத அமுக்கி வெச்சவ நான்தான்."

கதவின் நடுவில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். நான் கையை உயர்த்தி ஆறாவது முறையாக வார்த்தைகளைச் சொன்னேன். எல்லா மூலைகளும் ஒன்றாக இறங்கின. கைப்பிடி இறங்கியது. ரங்கநாயகி அம்மா கழுத்துவரை இறங்கினார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன. கதவு ஏதோ சொல்லியிருக்கிறது. அது என்னவென்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். பிறகு அந்தத் தண்ணீரைப் பார்த்து, "சரி, போச்சாது போ" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

இரண்டு சாட்சிகளும் தலையசைத்தார்கள்.

நனைந்த வேம்பு ஊதிக்கொள்ளும் என்பது எங்கள் பாடங்களில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கீலில் மாட்டியபோது கதவு நிலைக்குள் போகவில்லை. முக்கால் அங்குலம் அதிகமாக இருந்தது. ஆசாரி வந்து பார்த்து ஓரத்தை இழைத்துவிடலாம் என்றார். ரங்கநாயகி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"இழைக்க வேண்டாம். காயறப்பக் காயட்டும்."

ஆகவே பதினேழாம் எண் வீடு திறந்தே கிடந்தது. கதவு சுவரோரமாக ஒதுங்கி நின்று, போகிறவர் வருகிறவர்களை விசாரித்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மேலும் சில பாடங்கள் உண்டு என்பதால் நாங்கள் தினமும் அந்தப் பக்கம் போனோம்.

எட்டாவது நாள் மத்தியானம். ஜெபத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. சாத்திக்கொள்ள முடியாத நிலையில் எப்படி ஜெபிப்பது என்று கதவு கேட்டது. திறந்தபடியும் ஜெபிக்கலாம் என்று எல்டர் தல்லூரி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெண், ஒரு குழந்தையைக் கைப்பிடித்துக்கொண்டு வந்து எங்கள் அருகில் நின்றாள். வலது கையை முன்னால் நீட்டினாள். கை வைக்க அங்கே ஒன்றும் இல்லை. கை காற்றில் நின்றது. நேரே எதிரில் கூடமும், அதைத் தாண்டி அடுப்படியும், அடுப்புக்கு முன்னால் ரங்கநாயகி அம்மாவின் முதுகும் தெரிந்தன.

"இங்க கதவு இருந்துச்சே?" என்று என்னிடம் கேட்டாள்.

"இருக்கறேன் அம்மிணி, இந்தப் பக்கம்" என்றது கதவு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாரு வந்திருக்கறதா சொல்லட்டும்?" என்று கேட்டது.

  குழந்தை அவள் கையை விட்டுவிட்டுக் கதவருகே போய், கீழே வெள்ளை அடிக்காத சின்ன இடத்தைத் தேடிக் கையை வைத்தது. சரியாகப் பொருந்தவில்லை. கை கொஞ்சம் வளர்ந்திருந்தது.

"மைதிலி வந்திருக்கறேன்னு சொல்லு" என்றாள் அவள்.

கதவு இருந்த இடத்திலேயே முழுவதுமாக ஒருமுறை கிரீச்சிட்டது. ஆறாவது வீதி முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா! மைதிலி வந்திருக்குது. கூட புள்ளையும் இருக்குது."

அடுப்படியில் முதுகு அசையவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

"பால் பொங்கப் போகுது, நான் நகர முடியாது. உள்ள வரச் சொல்லு" என்றார் ரங்கநாயகி அம்மா.

மைதிலி செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தாள். குழந்தையின் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். அதற்கே வெகுநேரம் ஆனது. பிறகு உள்ளே போனாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசம் வீதிவரை வந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. எல்டர் தல்லூரி மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார். பாடம் பாதியில் நின்றதால் புத்தகத்தை மூடிக்கொண்டு நாங்கள் பத்தொன்பதாம் எண் வீட்டுக்குப் போனோம். 'அப்புறம் வாங்க' என்றது அந்தக் கதவு.

அந்த மாதக் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது. சேலம். எல்டர் தல்லூரி கோயம்புத்தூரிலேயே இருக்க, அவருக்கு வேறொரு துணைவர் வந்தார். பஸ் நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர் என் காதருகில் மன்னிப்பு என்ற சொல்லை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, சரியாகச் சொல்லிக் காட்டினார். அதற்காக ஒரு வாரம் பழகியிருக்கிறார்.

சேலத்தில் என்னோடு ஊழியம் செய்யப்போகிறவர் எல்டர் புதன்கிழமை என்று கடிதத்தில் இருந்தது. என்னைக் கூட்டிப்போக அவரே கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, பெயர் அட்டை குத்தி, ஒரு பெரிய பெட்டியோடு மூன்றாவது நடைமேடையில் நின்றிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை; அவர் முறை மறுநாள்தான். முதல் சந்திப்புக்குப் பிந்தக் கூடாது என்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டதாகச் சொன்னார். அவர் வந்துவிட்டதால் நிலையத்தில் பாதிக் கடைகளில் மறுநாள் பேப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு, நடைபாதை ஓரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அவினாசி தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"எத்தன டிக்கெட்டுங்க?"

"ரெண்டு. சேலம்" என்றேன்.

கண்டக்டர் எனக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தார். எல்டர் புதன்கிழமையின் பெயர் அட்டையைப் படித்துவிட்டு, அவருக்கு நாளைய தேதி போட்டு இன்னொன்று கிழித்துக் கொடுத்தார்.